மேடையில் பெருகிய வெள்ளம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கவிஞர்கள் மிகுந்த அவையில் அயல்நாட்டு அரசியல் சொற்பொழிவு ஒன்றை எடுத்து ஆராய்வது பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அச்சொற்பொழிவை ஆற்றியவர் ஒரு கவிஞர். அதில் அவர் கையாண்டவை அனைத்தும் கவிஞருடைய கருவிகள். குடியேறி வந்த மக்களைப் பற்றி ஒரு நாட்டின் மனம் மேடைச் சொல்லால் எவ்வாறு வடிவம் பெறுகிறது என்பதைக் காட்ட இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எனவே இஃது இலக்கியத்தாரும் நோக்க வேண்டிய பொருளே ஆகும்.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் மிட்லண்ட் ஓட்டலில் கன்சர்வேடிவ் கட்சியினரின் கூட்டம் ஒன்று நடந்தது. வந்திருந்தோர் நூறு பேர்கூட இல்லை. பேசியவர் ஈனாக் பவல். அண்டை நகரமான வுல்வர்ஹாம்ப்டனின் தென்மேற்குத் தொகுதி உறுப்பினர். எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பாளர். கூட்டம் சிறிதாயினும் ஏற்பாடு சிறிதன்று. உரையின் படிகள் செய்தித்தாள்களுக்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்தன. தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவும் வந்திருந்தது. நாளிதழாசிரியரான நண்பர் ஒருவரிடம், 'வாணங்கள் எல்லாம் மேலே போய்க் கீழே விழும். இது மேலேயே நிற்கும்' என்னும் கருத்துப்பட அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வாய் தவறி வந்த பேச்சு என்று அதை யாரும் ஒதுக்கிவிட இயலாது.

பவலைப் படிப்பறிவற்ற வெறிப்பேச்சாளர் என்று கருதிவிடுதல் பிழை. கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். 25ஆம் வயதில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியரானவர். 1937இலேயே அவருடைய முதல் கவிதைத் தொகுதி வெளிவந்துவிட்டது. அதன் பின்னும் தொகுதிகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் பணியாற்றி, உருது கற்று, இந்நாட்டின் வைசிராய் ஆகவேண்டும் என்று கனவு கண்டவர். 1960 முதல் 1963 வரை பிரிட்டனின் சுகாதார அமைச்சர். அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் பெரும் வலுச் சேர்ப்பதாக 1963இல் நாடாளுமன்றத்தில் பாராட்டிப் பேசியவரும் அவரே. அந்த மருத்துவர்களுள் இந்தியத் துணைக்கண்டத்தார் பலர். ஐந்தாண்டுகளில் மருத்துவர் மறைந்து வெள்ளம் வந்தது எப்படி என்பதே வினா.

உரையின் உடனடிக் காரணம் ஒரு சட்ட முன்வரைவு. வீட்டு வாடகையிலும் வேலை வாய்ப்பிலும் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் மசோதாவை அன்றைய தொழிற்கட்சி அரசு கொண்டுவந்திருந்தது. அதை எதிர்த்தே பவல் பேசினார். ஆனால் மசோதாவின் பிரிவுகளை அலசி மக்களைக் கவர முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் கதை சொன்னார்.

அந்தக் கதைகளைச் சொன்ன முறை கவனத்திற்குரியது. அக இலக்கியத்தில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பாத்திரத்தின் வாய்க்குள் மறைந்துகொள்கிறார். பவல் கையாண்டதும் கூற்று முறையே. முதலில் தம் தொகுதித் தொழிலாளி ஒருவருடைய கூற்று: இன்னும் 15, 20 ஆண்டுகளில் இந்நாட்டில் சாட்டை கறுப்பர் கைக்குப் போய்விடும் என்று அவர் வருந்தினாராம், வசதி இருந்தால் நாட்டைவிட்டே போய்விடுவேன் என்றாராம். உடனே பவல், இப்படிப்பட்டதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள், இதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை என்கிறார். கருத்து தொழிலாளியுடையது, கடமை மட்டுமே தம்முடையது. அகப்பாட்டில் பாத்திரத்தின் பின் மறையும் புலவர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இங்கே கூற்று, பொறுப்பைத் துறக்கும் திரையாயிற்று.

அடுத்து ஒரு கடிதம். கணவரையும் இரு மகன்களையும் போரில் இழந்த மூதாட்டி, தெருவில் எஞ்சிய ஒரே வெள்ளையர், சன்னல்கள் உடைக்கப்படுகின்றன, அஞ்சல் துளை வழியே மலம் வீசப்படுகிறது. இச்செய்தி மூதாட்டி எழுதியதன்று. வேறொரு மாவட்டத்திலிருந்து வேறொருவர் எழுதியதாகப் பவல் படித்தது. கூற்றுக்குள் கூற்று. அந்நாளில் செய்தியாளர்கள் வுல்வர்ஹாம்ப்டன் தெருக்களில் அம்மூதாட்டியைத் தேடினர், கண்டாரில்லை. இன்னாராக இருக்கலாம் என்று சிலர் அடையாளம் காட்டியது பல்லாண்டுகளுக்குப் பின்னர்தான். ஆனால் அந்த மூதாட்டியை நாடே அறிந்திருந்தது. இலண்டனில் இருந்தோர்க்கும், ஒரு குடியேறியைக்கூட நேரில் பார்த்திராத சிற்றூரார்க்கும், அவர் பக்கத்து வீட்டுப் பாட்டியாகிவிட்டார். அவரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்டோர்க்கு உரை முழுவதும் ஒரு கூற்றுக்கூட இல்லை. ஒரு பேருந்து ஓட்டுநரோ, ஒரு செவிலியோ, வார்ப்படச் சாலைத் தொழிலாளியோ அதில் வாய் திறக்கவில்லை.

கதைகளுக்கு இடையே எண்கள் வருகின்றன. 15, 20 ஆண்டுகளில் 35 இலட்சம் பேர். ஆண்டுதோறும் 50,000 குடும்பத்தினர். இவற்றோடு ஓர் உருவகம்: தன் ஈமச் சிதைக்குத் தானே விறகு அடுக்கிக்கொண்டிருக்கும் நாடு. இந்த இடத்தில்தான் நீரின் சொற்களும் நுழைகின்றன. மேலும் உள்வரத்தை நிறுத்த வேண்டும், வெளிப்போக்கைக் கூட்ட வேண்டும் என்பது அவர் வைத்த தீர்வு. மேட்டூர் அணையின் நீர்வரத்து, நீர்வெளியேற்றம் என்று நாளிதழில் நாள்தோறும் படிக்கும் தமிழர்க்கு இந்த மொழி எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அது பொதுப்பணித் துறையின் மொழி. குழந்தையோடு விமானத்திலிருந்து இறங்கும் தாயைக் கன அடியில் அளக்கும் மொழி.

உவமை பிறக்கும் வகை வினை, பயன், மெய், உரு என நான்கு என்பது தொல்காப்பியம். மனிதரை வெள்ளத்தோடு ஒப்பிடும்போது இவற்றுள் எது பொருந்துகிறது? மெய்யும் உருவும் பொருந்தா. மனிதர்க்கு முகம் உண்டு, பெயர் உண்டு, தொழில் உண்டு. வெள்ளத்திற்கு ஒன்றும் இல்லை. வினையும் பொருந்தாது. வெள்ளம் எதையும் கட்டுவதில்லை. பிரிட்டனுக்கு வந்தோர் இரும்பு வார்த்தனர், பேருந்து ஓட்டினர், நோயாளிக்கு ஊசி போட்டனர். எஞ்சுவது பயன் ஒன்றே. வெள்ளம் வந்தால் என்ன செய்வது? அணை கட்டுவது, மதகை அடைப்பது. உவமையை ஏற்றுக்கொண்டவர் தீர்வையும் அப்போதே ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். அதன்பின் அவரோடு வாதிட இடமில்லை. வெள்ளத்தின் உரிமை பற்றி யார் பேசுவார்? உவமை தோன்றும் நிலைக்களன்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவற்றைச் சொல்லிக் கிழக்கிடுபொருளையும் தொல்காப்பியர் ஐந்தாவதாக வைத்தார். இழிவும் உவமைக்குப் பிறப்பிடம் ஆகலாம் என்று அறிந்தே வைத்தார் போலும். தமிழிலும் வந்தவரைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ஒரு நிறை அல்ல. 'புலம்பெயர்ந்தோர்' என்பதற்குப் பட்டினப்பாலையின் வழிவந்த மதிப்பு உண்டு. பன்மொழி மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கூடி வாழ்ந்ததை அந்நூல் நகரின் பெருமையாகவே பாடுகிறது. 'வந்தேறி' என்பதிலோ ஏசல் ஏறியிருக்கிறது.

இனி உரைக்குப் பெயர் வாங்கித் தந்த பகுதி. டைபர் ஆறு குருதியால் நுரைத்தோடுவதைக் காணும் உரோமனைப் போலத் தமக்கும் தோன்றுகிறது என்றார் பவல். 'இரத்த ஆறுகள்' என்ற தொடர் உரையில் இல்லை. அது செய்தித்தாள்கள் இட்ட பெயர். மேற்கோளை இலத்தீனிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னாளில் பவல் கூறினார். அக்காட்சி வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் ஆறாம் பகுதியில் உள்ளது. அங்கே பேசுபவர் உரோமர் அல்லர். கூமே குகையின் குறிசொல்லும் பெண். கேட்பவன் ஈனியாஸ். திராய் நகரம் எரிந்தபின் முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறுவனான மகனைக் கையில் பற்றி வெளியேறி, கடல்கள் பல கடந்து இத்தாலிக் கரையில் இடம் தேடும் அகதி. புதிய நாட்டில் போர் மூளும் என்று அவள் எச்சரிக்கிறாள். ஆனால் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. தளராமல் முன்னே செல் என்றே சொல்கிறாள். அந்த வந்தேறியின் வழித்தோன்றல்களே உரோமைப் படைத்தனர் என்பது காவியத்தின் அடிப்படை. கிரேக்கப் பேராசிரியருக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. அகதியிடம் சொல்லப்பட்ட சொல்லை எடுத்து அகதிக்கு எதிராக நிறுத்தினார். இடம் சுட்டாமல் மேற்கோள் காட்டுவதன் தீமையை மாணவர்க்கு எடுத்துரைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

விளைவுகள் விரைந்து வந்தன. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 22ஆம் நாள் 'தி டைம்ஸ்' தலையங்கம் அதைத் தீய உரை என்று கண்டித்தது. 23ஆம் நாள் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையை விட்டுப் பவலுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தனர். ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைச் சுமைதூக்குவோர் அவர்களைத் தொடர்ந்தனர். வழிவழியாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்தவர்கள், தம்மைத் தொழிலாளர் பக்கம் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத ஒருவருக்காகத் தெருவில் இறங்கினர். அந்நாளைய கேலப் கணிப்பில் 74 விழுக்காட்டினர் பவலுடன் உடன்பட்டனர்; 69 விழுக்காட்டினர் ஹீத் அவரை நீக்கியது தவறு என்றனர். பவலுக்கு வந்த கடிதங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தானே பவல் சொன்னார்? சொல் மனத்தை ஆக்கியதா, மனம் சொல்லை ஆக்கியதா? மறுப்பில் உண்மை உண்டு. அதை மூடிமறைப்பது நேர்மையன்று. 1958இல் நாட்டிங் ஹில்லில் கறுப்பர் மீது தாக்குதல் நடந்தது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருவாரியானோர் வரவேற்றனர். 1964இல் ஸ்மெதிக் தொகுதியில் நிறவெறிப் பரப்புரை ஒரு தேர்தலையே வென்று தந்தது. வாடகை வீட்டின் வாயிலில் கறுப்பர்க்கு இல்லை என்று எழுதி வைத்தோர் பவலைக் கேட்டு எழுதவில்லை.

பவலின் உரை புதிதாகத் தந்தது வெறுப்பன்று, உரிமம். மதுக்கடையில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது இலத்தீன் காவியத்தின் துணையோடு அவையேறியது. பாகிஸ்தானியத் தந்தைக்கு இலண்டன் புறநகரில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர் ஹனீஃப் குரேஷி தம் இளமையை நினைவுகூரும் கட்டுரை ஒன்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்: பவலின் பேச்சுகள் செய்தித்தாளில் வரவர, அவரை ஆதரிக்கும் எழுத்துகள் தெருச் சுவர்களில் தோன்றின, இனவெறியர்க்குத் துணிவு வந்தது, தெருவில் அவரை ஏசத் தொடங்கினர். உரை நிகழ்ந்து பத்து நாளில், வுல்வர்ஹாம்ப்டனில் ஞானஸ்நான விருந்து நடத்திக்கொண்டிருந்த மேற்கிந்தியத் தீவினரை, பவலின் பெயரை முழக்கிக்கொண்டு இளைஞர் கும்பல் ஒன்று தாக்கியது. அவர்கள் வர்ஜிலைப் படித்திருக்க மாட்டார்கள். மேற்கோள் அவர்களுக்காகச் சொல்லப்பட்டதும் அன்று. ஆனால் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வாக்காளர் நோக்கும் மாறியது. 1964, 1966 தேர்தல்களில் இவ்வகையில் இரு கட்சிகளுக்கும் வேறுபாடு காணாதிருந்தோர் பலர், 1970இல் கன்சர்வேடிவ் கட்சியே குடியேறிகளைத் தடுக்கும் கட்சி என்று கண்டனர். எந்தக் கட்சி பவலைத் தூக்கி எறிந்ததோ அந்தக் கட்சியே அவர் சொல்லின் பயனை அறுவடை செய்தது.

கண்டித்தோரின் கைகளும் தூயவை அல்ல. பவல் பேசுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன், கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆசியர்களைத் தடுக்கத் தொழிற்கட்சி அரசே மூன்று நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அவர்கள் பிரிட்டனின் கடவுச்சீட்டு உடையவர்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்திருக்கவில்லை என்பதே குறை. வெள்ளம் என்று மேடையில் சொல்லாமலே அணையைக் கட்டினர்.

தலைவரின் சொல் எதிர்த்திசையிலும் வேலை செய்யக்கூடியதா? 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது பிரதமர் ஹீத். பிரிட்டனின் கடவுச்சீட்டு உடையோரை ஏற்பது சட்டக் கடமை, அறக் கடமை என்று அவர் அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. ஸ்மித்ஃபீல்டுத் தொழிலாளர் மீண்டும் நடந்தனர். தங்கள் ஊருக்கு வரவேண்டாம் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. கணிப்புகளில் மக்கள் மனம் அப்படியொன்றும் இளகிவிடவில்லை. ஆயினும் அவ்வாண்டுக் கட்சி மாநாட்டில் பவலின் தரப்பு தோற்றது. சஃபோக்கிலிருந்த பழைய விமானப்படை முகாம் போன்ற இடங்களில் தொண்டர்கள் கம்பளியும் தேநீரும் வைத்துக்கொண்டு நின்றனர். வந்தோர் ஏறத்தாழ 28,000 பேர். 'கடமை' என்பது அழகிய உருவகம் அன்று. அதில் ஆறும் இல்லை, நெருப்பும் இல்லை. அது மக்கள் கருத்தை மாற்றவில்லை. ஆனால் உதவ விரும்பியோர் வெட்கப்படாமல் வெளியே வரப் போதுமானதாக இருந்தது.

பவலின் தொகுதிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடலாம். தலைப்பாகையுடன் பேருந்து ஓட்டச் சீக்கியர் கேட்ட உரிமையைப் பவல் தம் உரையிலேயே சாடியிருந்தார்; 1969 ஏப்ரலில் அவ்வுரிமை வுல்வர்ஹாம்ப்டனில் வழங்கப்பட்டது. 2010இல் அத்தொகுதியில் அவருடைய கட்சியின் சார்பில் வென்றவர் ஒரு சீக்கியர். 2017இல் வென்றவர் எலினார் ஸ்மித். பார்படோசிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள், தொழிலால் செவிலியர்.

ஊர் மாறியது. உருவகம் மாறவில்லை. 1978 சனவரியில் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சிப் பேட்டியில், வேற்றுப் பண்பாட்டினரால் மூழ்கடிக்கப்பட்டுவிடுவோமோ என்று மக்கள் அஞ்சுவதாகச் சொன்னார். மறுபடியும் மக்கள் கூற்று, மறுபடியும் நீர். அவர் கட்சிக்கு ஆதரவு கணிப்புகளில் சட்டென ஏறியது. 2015இல் டேவிட் கேமரன் மத்தியதரைக் கடலைக் கடந்து வருவோரைப் பூச்சிக் கூட்டத்திற்கு உரிய சொல்லால் குறித்தார். 2022 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் தென்கரையில் நடப்பது படையெடுப்பு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். கோவா மரபினரான அவர் தந்தை கென்யாவிலிருந்தும், தமிழ் மரபினரான அவர் தாய் மொரீசியசிலிருந்தும் பிரிட்டனுக்கு வந்து குடியேறியவர்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரின் வரலாறு அறிந்தோர் இதைச் சற்று நின்றுதான் கடக்க முடியும். 2023இல் பிரதமர் ரிஷி சுனக் 'படகுகளை நிறுத்து' என்னும் முழக்கத்தை மேடைப் பலகையில் பொறித்து வைத்துக்கொண்டு பேசினார். 2024 ஆகஸ்டில், ஒரு கொலைகாரரைக் குடியேறி என்று பரப்பிய பொய்ச் செய்தியால் கலவரங்கள் மூண்டன; அடைக்கலம் நாடியோர் தங்கியிருந்த ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அப்போது தெருவில் கேட்டதும் அதே முழக்கம். அதை யார் இயற்றித் தந்தார் என்று கும்பலைக் கேட்டுப் பயனில்லை.

உருவகத்தை உருவகத்தால் எதிர்கொண்டவரும் உண்டு. யமைக்கக் கவிஞர் லூயிஸ் பென்னட்டின் 'தலைகீழ்க் குடியேற்றம்' என்று பொருள்படும் கவிதை 1966இல் அவருடைய தொகுதியில் வெளிவந்தது. பவல் பேசுவதற்கு இரண்டாண்டு முன். இங்கிலாந்துக்கு மூட்டை கட்டிக் கப்பலேறும் தம் ஊராரைப் பேரரசைக் குடியேற்றம் செய்யப் போகிறவர்களாக, ஊர்ப்பேச்சு மொழியில், சிரித்துக்கொண்டே பாடுகிறார். படையெடுப்பு என்னும் குற்றச்சாட்டை மறுக்கவில்லை; ஏற்றுக்கொண்டு, அது முதலில் யார் வழக்கம் என்று மட்டும் நினைவூட்டுகிறார். அங்கே போகிறவர் வெள்ளம் அல்லர். வேலை தேடுகிறவர், வேலையைத் தட்டிக் கழிக்கிறவர், ஆணும் பெண்ணுமாய் முகம் உடையவர்கள்.

பவல் 1998இல் மறைந்தார். 2025 மே 12ஆம் நாள் தொழிற்கட்சிப் பிரதமர் கெய்ர் ஸ்டார்மர் குடியேற்றக் கொள்கையை வெளியிட்டுப் பேசும்போது, பிரிட்டன் அந்நியர்களின் தீவாகிவிடும் இடர் உண்டு என்றார். சொந்த நாட்டிலேயே மக்கள் அந்நியராக்கப்பட்டனர் என்று 1968இல் பவல் சொன்னதைப் பலர் உடனே நினைவுகூர்ந்தனர். அடுத்த மாதம் ஸ்டார்மர் அத்தொடருக்காக மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பவலின் எதிரொலி அதில் இருப்பது தமக்குத் தெரியாது. உரையை எழுதித் தந்தோர்க்கும் தெரியாது. அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னும் சற்று உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.